முந்நூறு மைலுக்கு ஒரு கால அட்டவணை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரும் நம் சங்கத்து அன்பர்கள் நயாகரா பற்றியும் நியூயார்க் பற்றியும் நிறையச் சொல்லிவிட்டார்கள். மேற்கு டெக்ஸாஸ் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. “அங்கே பார்க்க என்ன இருக்கிறது? வெட்டவெளிதானே!” என்பார்கள். வெட்டவெளிதான். ஆனால் அந்த வெட்டவெளியை ஒரே நாளில் காரில் கடந்து, பார்க்க வேண்டியதைப் பார்த்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்புவது எப்படி என்று திட்டமிடுவது இருக்கிறதே, அது தனி வித்தை. அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டெக்ஸாஸ் மாநிலம் நம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது. அதன் வடமேற்கில், கடல் மட்டத்துக்கு மேல் நல்ல உயரத்தில், மேசைப் பலகை போட்டது போல ஒரு சமவெளி கிடக்கிறது. ஸ்பானியர் அதற்கு வைத்த பெயர் யானோ எஸ்தகாடோ. ‘முளையடித்த சமவெளி’ என்று பொருள் சொல்கிறார்கள். அதன் தென்பகுதியில் லப்பக் நகரம். வடக்கே அமரில்லோ நகரம். இரண்டையும் ஐ-27 என்னும் நெடுஞ்சாலை இணைக்கிறது. ஏறக்குறைய 120 மைல் தூரம், அதாவது 190 கிலோமீட்டர்.

லப்பக்கில் டெக்ஸாஸ் டெக் பல்கலைக்கழகம் இருக்கிறது. என் மகள் அங்கே ஆராய்ச்சி மாணவி. 2024 அக்டோபரில் நானும் என் மனைவியும் ஆறு வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தோம். மகளுக்கு ஆய்வேடு முடிக்கும் நேரம். மாப்பிள்ளைக்கும் வேலை அதிகம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்தது ஒரே ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு நாளில் எங்களை எங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று இருவரும் பரபரத்தார்கள்.

இளையவர்கள் போட்ட பட்டியல்

வியாழக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் பட்டியல் தயாரானது. முதலில் கிழக்கே கேப்ராக் கேன்யன்ஸ் பூங்கா. டெக்ஸாஸ் மாநிலத்தின் காட்டெருமை மந்தை அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேட்டைக்காரர்கள் இந்த விலங்குகளை லட்சக்கணக்கில் சுட்டுத் தள்ளியபோது, சார்லஸ் குட்நைட் என்ற பண்ணையாரும் அவர் மனைவி மேரி ஆன்னும் சில கன்றுகளைக் காப்பாற்றி வளர்த்தார்கள். அவற்றின் வழிவந்த மந்தை அது. இரண்டாவது, பாலோ டூரோ பள்ளத்தாக்கு. மூன்றாவது, அந்தப் பள்ளத்தாக்குக்குள் ‘கலங்கரை விளக்கம்’ என்று பெயர் பெற்ற பாறைத் தூண்வரை நடை. நான்காவது, அமரில்லோவுக்கு மேற்கே பத்து கார்களைத் தலைகீழாகப் புதைத்து வைத்திருக்கும் காடிலாக் ராஞ்ச். ஐந்தாவது, ஏட்ரியன் என்ற சிற்றூர். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன பழைய 66ஆம் எண் சாலையின் நடுப்புள்ளி அது. இந்தப் பக்கம் 1,139 மைல், அந்தப் பக்கம் 1,139 மைல் என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆறாவது, அமரில்லோவில் ஒரு பிரபலமான உணவு விடுதி. 72 அவுன்ஸ், அதாவது இரண்டு கிலோ மாட்டிறைச்சியைப் பக்க உணவுகளோடு ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு முடித்தால் காசு கிடையாதாம். நாங்கள் நால்வரும் சைவம். ஆறு வயதுப் பேரனும் சைவம். “வேடிக்கை பார்க்கலாமே” என்றாள் மகள்.

“எல்லாம் சேர்த்து ஐந்நூறு மைலுக்குள்தான் மாமா. எழுபத்தைந்து மைல் வேகத்தில் போனால் ஏழு மணி நேரம்கூட ஆகாது” என்றார் மாப்பிள்ளை.

கணக்கு சரிதான். ஐ-27இல் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 75 மைல். நம் கணக்கில் 120 கிலோமீட்டர். ஆனால் நான் முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் வேலை பார்த்தவன். அதில் பதினொரு வருடம் கால அட்டவணைப் பிரிவில். தூரத்தை வேகத்தால் வகுத்து எந்த ரயிலுக்கும் நேரம் குறிப்பதில்லை. பேனாவும் காகிதமும் கேட்டேன்.

என் மனைவி அதுவரை பேசவில்லை. பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டே, “போற வழியில பருத்திக்காடு இருந்தா அஞ்சு நிமிஷம் நிறுத்தினா போதும்” என்றாள். அவள் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண். அவளுடைய அப்பாவுக்கு இருந்த கொஞ்ச நிலத்தில் பருத்திதான் போடுவார்கள். டில்லிக்கு வந்து நாற்பது வருடமாகியும் கடையில் பஞ்சு வாங்கினால் விரலால் இழுத்துப் பார்த்து நீளம் சொல்வாள்.

லப்பக்கைச் சுற்றியிருப்பது அமெரிக்காவின் மிகப் பெரிய பருத்தி வட்டாரங்களில் ஒன்று. ஆறு இடங்கள் கொண்ட பட்டியலில் அது மட்டும் இல்லை!

முதலில் பகல் எவ்வளவு?

நம் ஊரில் பயணம் என்றால் முதலில் டிக்கெட், பிறகு கட்டுச்சோறு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பகல்பொழுது. அக்டோபர் நடுவில் லப்பக்கில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 7.50க்கு. மறைவது 7.15க்கு. ஆக, பகல் பதினொன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் என்ன என்று கேட்கலாம். இருட்டில் சமவெளியைக் கடப்பதும், கண்ணை மூடிக்கொண்டு கடப்பதும் ஒன்றுதான். ஒன்றும் தெரியாது. அதோடு, அந்தி நேரத்திலும் விடியலிலும் மான்கள் சாலையைக் கடக்கும். நேர்கோடாகப் போகும் சாலையில் நாள் முழுவதும் வண்டி ஓட்டியவருக்கு இருட்டியதும் கண் சொருகும். ஓட்டப் போவது மாப்பிள்ளை ஒருவர்தான். மகள் ஓட்டுவாள் என்றாலும், முதல் நாள் இரவு ஒரு மணிவரை ஆய்வேட்டோடு மல்லாடுபவள்.

எனவே காகிதத்தில் முதலில் எழுதியது புறப்படும் நேரமல்ல, திரும்பும் நேரம். மாலை 4.30. அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும், எதைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், வண்டி தெற்கு நோக்கித் திரும்பிவிட வேண்டும். அமரில்லோவிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே வந்து சேரலாம்.

இரண்டாவது எழுதியது என் மனைவியின் சாப்பாட்டு நேரம். அவளுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையோடு சாப்பாடும் சரியான நேரத்தில் விழ வேண்டும். முழங்கால் வலி வேறு. சமவெளியில் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருபது மைல், முப்பது மைல் எதுவுமே இருக்காது. நம் ஜி.டி. ரோடு மாதிரி பத்தடிக்கு ஒரு டீக்கடை கிடையாது.

முன்பு கடந்தவர்கள்

இந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இதைக் கடந்த ஒவ்வொருவரும் திட்டம் போட்டுத்தான் கடந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: தண்ணீர் எங்கே, திரும்பும் வழி எது?

1541இல் தங்கத்தைத் தேடி வந்த ஸ்பானியத் தளபதி கொரோனாடோ இந்தப் புல்வெளியில் திசை தெரியாமல் திகைத்தார். மரமில்லை, குன்றில்லை, கல்கூட இல்லை. படை நடந்து போன புல் மறுபடி நிமிர்ந்துவிடும், தடம் இருக்காது. எனவே பின்னால் வருபவர்கள் வழி காண எருமை எலும்புகளையும் சாணத்தையும் குவித்து அடையாளம் வைத்துக்கொண்டே போனார்களாம்.

கொமாஞ்சி, கயோவா, செயென் மக்களுக்கு அடையாளக் குவியல் தேவைப்படவில்லை. அவர்களுக்கு நீர்நிலைகள் தெரியும், குதிரைகள் இருந்தன. 1874 செப்டம்பர் 28 அன்று கர்னல் மெக்கென்சியின் குதிரைப்படை பாலோ டூரோ பள்ளத்தாக்கில் இறங்கி அவர்களின் குடியிருப்புகளைத் தாக்கியது. உயிரிழந்த மனிதர்கள் சிலரே. ஆனால் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த உணவும் கூடாரங்களும் எரிக்கப்பட்டன. பிடிபட்ட குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஓட்டிச் சென்று சுட்டுக் கொன்றார்கள். குதிரையில்லாமல் இந்தச் சமவெளியில் வாழ முடியாது. குளிரில் நடந்தே போய்ப் பலர் அரசு ஒதுக்கிய இடத்தில் சரணடைந்தார்கள். கொமாஞ்சித் தலைவர் குவானா பார்க்கரும் 1875இல் சரணடைந்தார்.

பிறகு ரயில் வந்தது. 1887இல் ரயில்பாதை வரும் இடத்தில்தான் அமரில்லோ முளைத்தது. லப்பக்குக்கு ரயில் வந்தது 1909இல். இன்று இரண்டு ஊருக்குமே பயணிகள் ரயில் கிடையாது; சரக்கு ரயில் மட்டுமே. இதைக் கேட்டதும் என்னைப் போன்றவனுக்கு மனம் கொஞ்சம் சங்கடப்படத்தான் செய்தது.

வழியில் ஹேப்பி என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பேரன் சிரித்தான். அதற்கும் காரணம் தண்ணீர்தான். மாடு ஓட்டி வந்தவர்கள் தாகத்தோடு தவித்து, அங்கிருந்த ஓடையைக் கண்டு மகிழ்ந்ததால் ஓடைக்கு அந்தப் பெயர். ஓடையால் ஊருக்கும் அந்தப் பெயர்.

வெட்டியதும் ஒட்டியதும்

வெள்ளிக்கிழமை இரவு பட்டியலை வெட்ட உட்கார்ந்தோம்.

கேப்ராக் கேன்யன்ஸ் கிழக்கே ஏறக்குறைய நூறு மைல். அங்கே போனால் மதியம்வரை அங்கேயேதான். அது தனியே ஒரு நாளுக்கான இடம். வெட்டினோம்.

ஏட்ரியன் போய்வர அமரில்லோவிலிருந்து நூறு மைல் கூடுதல். ஒரு பலகைக்காக இரண்டு மணி நேரம். வெட்டினோம்.

கலங்கரை விளக்கப் பாறைக்குப் போய்வர ஏறக்குறைய ஆறு மைல் நடை. நிழல் குறைவு. கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 110 ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். நம் கணக்கில் 43 டிகிரிக்கு மேல். வெயிலால் வரும் ஆபத்துகளும் மரணங்களும் இந்தப் பாதையில்தான் அதிகம் என்று பூங்காக்காரர்களே எச்சரிக்கிறார்கள். அக்டோபரில் அவ்வளவு மோசமில்லை. எனினும் மூன்று மணி நேரம் போய்விடும். என் மனைவியால் நடக்கவும் முடியாது. மாப்பிள்ளைக்கு இதில்தான் ஆசை அதிகம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே கோடு கிழித்தார்.

இறைச்சி விடுதியை மகளே வெட்டினாள்.

மிஞ்சியவை இரண்டு: பாலோ டூரோ, காடிலாக் ராஞ்ச். கார்களையும் வெட்டிவிடலாம் என்றேன் நான். “வேண்டாம் மாமா. பள்ளத்தாக்கு நமக்கு. பையனுக்கு என்ன இருக்கு? ஸ்பிரே பெயின்ட் அடிக்கலாம்னு ஆசைப்படறான்” என்றார் மாப்பிள்ளை. நியாயமான பேச்சு. கார்கள் தங்கின.

பிறகு பருத்திக்காட்டைச் சேர்த்தோம். ப்ளெயின்வியூ ஊருக்கும் லப்பக்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் பருத்திதான். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி இறங்கக் கூடாது, ஆபத்து. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிராமச் சாலைகளை டெக்ஸாஸில் ‘பண்ணையிலிருந்து சந்தைக்கு’ என்றே பெயரிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றில் இறங்கி ஓரமாக நிறுத்தலாம். நிலத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. வேலிக்கம்பத்திலோ மரத்திலோ ஊதா நிறப் பூச்சு இருந்தால் ‘உள்ளே வராதே’ என்ற பலகைக்குச் சமம். இது அந்த மாநிலத்தில் சட்டம்.

கடைசியாக, ரயில்வேயில் நாங்கள் ‘ரெகவரி டைம்’ என்று ஒன்று வைப்போம். எங்காவது தாமதமானால் ஈடுகட்டிக்கொள்ள அட்டவணைக்குள்ளேயே ஒளித்து வைக்கும் நேரம். ஒரு முழு மணி நேரத்தை எந்த இடத்துக்கும் கொடுக்காமல் சும்மா வைத்தேன். மாப்பிள்ளை, “இது எதுக்கு மாமா?” என்றார். “எதுக்குன்னு தெரிஞ்சா இடத்தோட பேரை எழுதியிருப்பேனே” என்றேன்.

முடிவில் அட்டவணை இப்படி அமைந்தது:

காலை 8.00 – புறப்பாடு.
8.50 முதல் 9.10 – ப்ளெயின்வியூ. பெட்ரோல், கழிப்பறை, காபி.
10.30 – பாலோ டூரோ வாயில்.
12.15 – பள்ளத்தாக்கின் உள்ளே சாப்பாடு.
1.45 – அங்கிருந்து புறப்பாடு.
2.40 முதல் 3.20 – காடிலாக் ராஞ்ச்.
அதன்பின் – கையிருப்பாக ஒரு மணி நேரம்.
4.30 – எங்கிருந்தாலும் திரும்பும் நேரம்.
6.30 – வீடு.

மொத்தம் 290 மைல் சுமார். 467 கிலோமீட்டர் என்றால் சென்னையிலிருந்து மதுரைக்குப் போவது போல. ஒரு காலனுக்கு முப்பது மைல் ஓடும் கார். பத்து காலன், அதாவது 38 லிட்டர் பெட்ரோல் போதும். ஆனாலும் தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது என்று மகள் ஒரு விதி சேர்த்தாள். தண்ணீர் ஆளுக்கு நான்கு லிட்டர். புளிசாதம், தயிர்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. சர்க்கரை இறங்கினால் உடனே வாயில் போட வெல்லக்கட்டி. பள்ளத்தாக்குக்குள் செல்போன் சரியாக எடுக்காது என்பதால் வரைபடத்தைக் காகிதத்திலும் எடுத்துக்கொண்டோம். பூங்காவில் கூட்டம் நிறைந்துவிட்டால் வாயிலை அடைத்துவிடுவார்கள்; முன்பதிவு செய்தோம்.

அந்த சனிக்கிழமை

எட்டு மணிக்குப் புறப்பட்டது வண்டி. சூரியன் அப்போதுதான் தரையைவிட்டு எழுந்து நின்றது. சமவெளி என்றால் என்னவென்று அரை மணியில் புரிந்துவிட்டது. வானம் தலைக்கு மேலே இல்லை. நான்கு பக்கமும் தரைவரை இறங்கி நிற்கிறது. பத்து மைலுக்கு அப்பாலிருக்கும் ஊரின் தானியக் கிடங்கு முதலில் தீப்பெட்டி போலத் தெரிகிறது. எவ்வளவு ஓட்டினாலும் தீப்பெட்டியாகவே இருக்கிறது. பிறகு திடீரென்று கோபுரமாகிவிடுகிறது.

இடையிடையே வட்டமான பள்ளங்கள் வருகின்றன. ப்ளாயா என்று பெயர். மழை பெய்தால் ஏரி, இல்லையென்றால் புல்தரை. டெக்ஸாஸ் சமவெளியில் ஏறத்தாழ 20,000 இருக்கின்றனவாம். பூமிக்கு அடியில் ஓகலாலா என்னும் பெரிய நீர்த்தேக்கம், டெக்ஸாஸிலிருந்து வடக்கே தெற்கு டகோட்டா வரை எட்டு மாநிலங்களின் கீழே பரவிக் கிடக்கிறது. அதை உறிஞ்சித்தான் இங்கே பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. இறைக்கும் வேகத்துக்கு ஊறும் வேகம் ஈடு கொடுக்கவில்லை. வருடத்துக்கு வருடம் மட்டம் இறங்குகிறது. “நம்ம ஊரு போர்க்கிணறு கதைதான்” என்றாள் என் மனைவி.

10.25க்குப் பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்றோம். அதுவரை மேடு பள்ளம் காணாத கண்ணுக்கு முன்னால் பூமி சட்டென்று பிளந்து 800 அடி கீழே இறங்குகிறது. 120 மைல் நீளமுள்ள பள்ளத்தாக்கு இது. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனுக்கு அடுத்தது என்கிறார்கள். செங்கல் நிறப் பாறை. நடுநடுவே வெள்ளை வெள்ளையாக ஜிப்சப் பட்டைகள். ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் 1916 முதல் 1918 வரை அருகிலுள்ள கேன்யன் ஊரில் ஆசிரியையாக இருந்தபோது இந்தப் பள்ளத்தாக்கை வரைந்திருக்கிறார். 1930களில், வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில், அரசாங்கம் இளைஞர்களைக் கொண்டு கீழே இறங்கும் சாலையைப் போட்டது. அந்தச் சாலையில்தான் நாங்களும் இறங்கினோம்.

கலங்கரை விளக்கப் பாதை தொடங்கும் இடத்தில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தினார். பாதையைப் பார்த்தார். “கொஞ்ச தூரம் வேகமா நடந்துட்டு வந்துடட்டுமா மாமா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கிருந்த எச்சரிக்கைப் பலகையைப் படித்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்.

பன்னிரண்டு அடிப்பதற்கு முன்பே என் மனைவிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நெற்றியில் வியர்வை. விமானப் பயணத்திலிருந்தே அவளுக்குத் தூக்கமும் பசியும் நேரம் மாறிப் போயிருந்தன. வெல்லத்தை வாயில் போட்டாள். மரநிழலில் உட்கார வைத்துப் பத்து நிமிடத்தில் தயிர்சாதம் கொடுத்தாள் மகள். இருபது நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது. யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. செல்போனில் கோடு ஒன்றுகூட இல்லை என்பதை மாப்பிள்ளை இரண்டு முறை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டதை நான் கவனித்தேன். அந்த நேரத்தில் அவர் மூன்று மைல் தள்ளி நடந்துகொண்டிருந்தால், கார்ச் சாவியும் அவரோடு போயிருக்கும்.

அவளை இன்னும் அரை மணி உட்கார வைத்தோம். கையிருப்பில் அது கழிந்தது.

மூன்று மணிக்குக் காடிலாக் ராஞ்ச். 1974இல் ‘ஆன்ட் ஃபார்ம்’ என்ற கலைஞர் குழு, ஸ்டான்லி மார்ஷ் என்ற செல்வந்தரின் ஆதரவில், பத்து காடிலாக் கார்களை வரிசையாக மூக்குப் புதைய நட்டு வைத்தது. ஊர் வளர்ந்து நெருங்கியதும் 1997இல் இன்னும் மேற்கே தள்ளி அப்படியே நட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் வண்ணம் பீய்ச்சிப் பெயர் எழுதுகிறார்கள். அடுத்து வருபவர் அதன்மேல் எழுதுகிறார். பேரன் நீல நிறத்தில் தமிழில் ‘அ’ எழுதினான். அந்த நாளில் அவனுக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். மாப்பிள்ளை சொன்னதுதான் சரி.

3.40க்குத் திரும்பினோம். ஐந்தரை மணிக்கு ஹேல் சென்டர் அருகே கிராமச் சாலை ஒன்றில் இறங்கி நிறுத்தினோம். இலை உதிர்ந்து, காய் வெடித்து, கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. தூரத்தில் இயந்திரம் ஒன்று பருத்தி எடுத்துக்கொண்டிருந்தது. எடுத்த பருத்தியை உருளையாகச் சுருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக் சுற்றி, வயலில் அங்கங்கே போட்டிருந்தார்கள். ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. “இத்தனை காட்டுக்கு ஒரே மனுஷனா?” என்று என் மனைவி திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் ஊரில் ஒரு காட்டில் பருத்தி எடுக்க முப்பது பெண்கள் மடி கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

நிலத்துக்குள் போகவில்லை. போக வேண்டியிருக்கவும் இல்லை. லாரியிலிருந்து சிந்திய பஞ்சு சாலையோரப் புல்லெல்லாம் ஒட்டிக் கிடந்தது. ஒரு கைப்பிடி எடுத்தாள். விதையை விரலால் பிரித்துப் பார்த்தாள், இழையை இழுத்துப் பார்த்தாள். ஐந்து நிமிடம் கேட்டவள் இருபது நிமிடம் நின்றாள். கையிருப்பில் மிச்சமிருந்த நேரம் அதற்குச் சரியாகப் போனது.

வீடு சேர்ந்தபோது மணி 6.35. சூரியன் இன்னும் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு

பிள்ளைகள் டெக்ஸாஸ் பக்கம் இருக்கும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்.

அக்டோபர் நல்ல மாதம். மார்ச், ஏப்ரலில் காற்று கொடியது. 2025 மார்ச் 14 அன்று அமரில்லோ வட்டாரத்தில் அடித்த புழுதிப்புயலில் நேர்ந்த சாலை விபத்துகளில் மூவர் இறந்தார்கள். புழுதி மறைத்தால் சாலையைவிட்டு நன்றாக விலகி நிறுத்தி, விளக்கை அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைப் பார்த்து, அங்கே சாலை இருப்பதாக நினைத்து மோதிவிடுவார். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால் தீயும் உண்டு. 2024 பிப்ரவரியில் அமரில்லோவுக்கு வடகிழக்கே பிடித்த தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அந்த மாநில வரலாற்றிலேயே பெரியது அதுதான். கனமழை பெய்தால் பாலோ டூரோவின் சாலைகளை மூடுவதும் உண்டு. புறப்படும் காலையில் வானிலையும் சாலை நிலவரமும் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நெடுஞ்சாலையில் அரசு கட்டிய ஓய்விடங்கள் சுத்தமானவை. சிலவற்றில் சூறாவளிக்கு ஒதுங்க உறுதியான காப்பறையும் உண்டு. வாகனத்தில் வயதானவர்கள் இருந்தால் எல்லாவற்றிலும் நிறுத்துங்கள். மருந்து சாப்பிடுகிறவர் யாரோ, அவருடைய நேரத்தைச் சுற்றித்தான் மற்ற நேரங்களை எழுத வேண்டும். பிள்ளைகள் ஆசையோடு நீளமாகப் பட்டியல் போடுவார்கள். எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம். திரும்பும் நேரத்தை முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு அவர்களே வெட்டுவார்கள்.

எங்கள் பட்டியலில் வெட்டுப்பட்டவை மகளின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கின்றன. காட்டெருமைகளைப் பார்க்கத் தனியே ஒரு நாள் போவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். கலங்கரை விளக்கப் பாறைக்கு ஜனவரிக் குளிரில் நண்பர்களோடு போய்வந்துவிட்டார், படம் அனுப்பியிருந்தார்.

அந்தப் பஞ்சை என் மனைவி கொட்டை நீக்கி, தொடையில் வைத்துத் திரித்து, எட்டுத் திரி செய்தாள். ஒன்றை அன்றிரவே மகள் வீட்டு விளக்கில் ஏற்றினாள். மற்ற ஏழையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.